மதிற்புறத்துத் திருத்தொண்டு

(பேரூரில் நாற்று நடவுத் திருவிழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



மேலைச் சிதம்பரம் என்று ஆன்றோர் போற்றும் இப்பேரூரில், பச்சைநாயகி உடனாய பட்டீசப் பெருமான் வயலுக்கு எழுந்தருளி நாற்று நடுகின்ற இந்த ஆனித் திருவிழாவிலே, திருத்தொண்டைப் பற்றிச் சில சொல்லுமாறு திருக்கூட்டத்தார் அடியேனைப் பணித்தார்கள். தொண்டின் பெருமையைச் சேக்கிழார் பெருமான் ஒரு பெருங்காப்பியமாகவே பாடி வைத்துவிட்டார். அக்கடலை இந்த ஒரு மாலைப்பொழுதில் இறைத்துவிட முடியாது. ஆகவே அதன் ஒரு துறையில் மட்டும் இறங்கிப் பேச எண்ணுகிறேன். கோயில் மதிலுக்கு உள்ளே செய்யும் தொண்டு நாம் அனைவரும் அறிந்தது. மதிலுக்கு வெளியே, குளக்கரையிலும் ஆற்றங்கரையிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் பலர் கூடிச் செய்யும் தொண்டு இருக்கிறதே, அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

முதலில் இந்தத் திருவிழாவின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். வன்றொண்டராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் பொன் வேண்டிப் பேரூருக்கு வருகிறார். தோழரோடு விளையாட எண்ணிய பெருமான், அம்மையையும் அழைத்துக்கொண்டு காஞ்சிமாநதிக் கரையிலுள்ள வயலில் உழவுத் தொழிலாளராக உருக்கொண்டு நாற்று நடச் சென்றுவிட்டார். போகும்போது, ‘நாம் இருக்குமிடத்தைச் சொல்லாதே’ என்று நந்தியெம்பெருமானுக்கு ஆணையிட்டார். சுந்தரர் வந்து கேட்டபோது நந்தி வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணால் வயற்பக்கம் காட்டிவிட்டார். அதற்காகப் பெருமான் கையிலிருந்த மண்வெட்டியால் நந்தியின் தாடையில் ஒன்று வைத்தார் என்பது தலவரலாறு. பிறகு சுந்தரருக்குத் தம் திருக்கூத்தைக் காட்டியருளினார். சுந்தரரும் பின்னர்த் தில்லை சென்றபோது, அங்கே பாடிய பதிகத்தில் இந்தப் பேரூர்ப் பெருமானை மறவாமல் குறித்தார்.

ஒளிந்துகொள்வதற்குப் பெருமானுக்கு வேறு இடமா இல்லை? கயிலை இருக்கிறது, வெள்ளியங்கிரி அண்மையிலேயே இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுச் சேற்று வயலைத் தேர்ந்தெடுத்தார். அதிலும் உழுவதையோ அறுப்பதையோ தேர்ந்தெடுக்கவில்லை, நடவைத் தேர்ந்தெடுத்தார். நடவு என்பது ஒருவர் தனியே செய்து முடிக்கும் வேலையன்று. அதற்குள்ளே முதுகு ஒடிந்துவிடும், நாற்றும் வாடிவிடும். வரிசையாகப் பலர் நின்று, ஒருவர் கைவேகத்துக்கு மற்றவர் கைவேகம் இசைந்து, ஒன்றாகப் பின்வாங்கி வந்தால்தான் வயல் பச்சை பிடிக்கும். ஆகவே பெருமான் வயலில் இறங்கினார் என்றால் அந்த வரிசையில் ஒருவராக நின்றார் என்றுதான் பொருள். பக்கத்தில் நின்றவர்களுக்கு அவர் யார் என்பது தெரிந்திருக்குமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, ஒரு வினா. சைவத்தில் ஊறிய அன்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “ஐயா, கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குவது உழவாரத் திருப்பணி. நந்தவனத்தில் பூச்செடி வைப்பது சிவபுண்ணியம். இவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இளைஞர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரிக்கரைக்குப் போய்க் குப்பை பொறுக்குகிறார்கள், கருவேல முள்ளை வெட்டுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். அது மாநகராட்சி வேலையல்லவா? அதை எப்படிச் சிவத்தொண்டு என்று சொல்வது? பூசைக்கு வருவதை விட்டுவிட்டு அங்கே போகிறார்களே!” இந்த வினாவை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. கேட்டவர் நல்லவர், கோயிலுக்கு ஆள் குறைகிறதே என்ற ஏக்கத்தில் கேட்டார். அவருடைய மகனும் அந்த இளைஞர்களில் ஒருவன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆகவே ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கின்ற வினா இது. சாத்திரத்தை வைத்தே விடை காண்போம்.

நம் சித்தாந்தம் இறைவனுக்கு அட்டமூர்த்தம் என்று எட்டு வடிவங்களைச் சொல்கிறது. நிலம், நீர், தீ, காற்று, வானம், ஞாயிறு, திங்கள், ஆன்மா என்பன அவை. பஞ்சபூதத் தலங்களுக்கு யாத்திரை போய் வருகிறோம். காஞ்சியிலே மண்ணாக வணங்குகிறோம். ஆனைக்காவிலே நீராக வணங்குகிறோம். திருவானைக்காவில் கருவறைக்குள் ஊறுகின்ற நீரைக் கண்டு கண்ணீர் பெருக்குகிறோம். அந்த நீர் எங்கிருந்து ஊறுகிறது? காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ்ந்திருப்பதால் ஊறுகிறது. வெளியே ஓடும் ஆறு வேறு, உள்ளே ஊறும் தீர்த்தம் வேறு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. மதில் மனிதன் எழுப்பியது. நிலத்தடி நீருக்கு மதில் தெரியாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் தலங்களில் முதலில் இருந்தது எது? கோபுரமா? கோபுரம் கடைசியில் வந்தது. கருவறையா? அதற்கும் முன்னே மரம் இருந்தது. தில்லைமரக் காட்டில் தோன்றியதனால் சிதம்பரம் தில்லையாயிற்று. மதுரை கடம்பவனமாக இருந்தது. திருநெல்வேலி மூங்கிற்காடாக, வேணுவனமாக இருந்தது. காஞ்சியில் மாமரம், ஆனைக்காவில் வெண்ணாவல், மயிலாப்பூரில் புன்னை, குற்றாலத்தில் குறும்பலா, இடைமருதூரில் மருது. ஊரின் பெயரே மரத்தின் பெயர்! நம் பேரூருக்கும் பிப்பலாரணியம் என்று ஒரு பெயர் உண்டு. அரசமரக் காடு என்பது அதன் பொருள். நம் அம்மைக்கோ பச்சைநாயகி என்று திருநாமம். மரகதவல்லி என்றும் சொல்கிறோம். பிறவாப்புளி என்றும் இறவாப்பனை என்றும் இரண்டு மரங்களைத் தலத்தின் அற்புதங்களாகக் காட்டுகிறோம். அந்தப் புளியின் விதை முளைக்காது. அதுபோல இங்கே வழிபட்டவர்க்கு மறுபிறவி இல்லை என்று விளக்கம் சொல்கிறோம். ஆம், தத்துவத்தைச் சொல்லவும் நமக்கு ஒரு மரம் வேண்டியிருந்தது. காட்டிலே கடவுளைக் கண்டவர்களின் வழிவந்த நாம், மரம் நடுவது சிவத்தொண்டா என்று ஐயப்படுவது வியப்புக்குரியது.

திருப்புகலூர் முருக நாயனாரை நினைவு கூர்வோம். அவர் செய்த தொண்டு மலர் பறித்து மாலை தொடுப்பது. பொழுது புலருமுன் எழுந்து நீராடிக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலர்களையும் தனித்தனிக் கூடைகளில் பறித்து வருவார். இதைப் படிக்கும்போது நாம் நாயனாரின் அன்பை வியக்கிறோம். அவ்வளவோடு நின்றுவிடாமல், அவர் வாழ்ந்த ஊரையும் சற்று வியக்க வேண்டும். கோட்டுப்பூ வேண்டுமானால் ஊரில் மரங்கள் நிற்க வேண்டும். கொடிப்பூவுக்கு வேலியும் பந்தலும் வேண்டும். நிலப்பூவுக்குப் புழுதிபடாத மண் வேண்டும். நீர்ப்பூவுக்கோ தெளிந்த குளம் வேண்டும். தாமரையும் செங்கழுநீரும் சாக்கடையில் பூப்பதில்லை. இன்று முருக நாயனார் நம்மூருக்கு வந்து நான்கு கூடைகளோடு புறப்பட்டால் எத்தனை கூடை நிறைந்து திரும்புவார்? மூன்றையாவது ஒருவாறு நிறைத்துவிடலாம். நீர்ப்பூக் கூடை வெறுங்கூடையாகத்தான் திரும்பும். அல்லது அதில் ஆகாயத்தாமரை இருக்கும். பெயரிலே தாமரை இருக்கிறதே தவிர அது தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் குளங்களின் மூச்சை அடைத்த களை. மலர்த்தொண்டு செய்ய ஒருவர் விரும்பினால் அவர் முதலில் குளத்தொண்டு செய்தாக வேண்டிய காலம் இது.

அதே திருப்புகலூரில்தான் அப்பரடிகள் உழவாரப் படையோடு திருமுற்றத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய மனநிலையை உலகுக்குக் காட்டத் திருவுளங்கொண்ட பெருமான், உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னச் செய்தார். அடிகள் என்ன செய்தார்? பருக்கைக் கல்லோடு பொன்னையும் மணியையும் சேர்த்து உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தார். அவர் பொன்னை வெறுத்து ஒதுக்கினார் என்று சொல்வதை நான் ஒப்புவதில்லை. வெறுப்பதற்கும் அதைப் பொன் என்று பார்க்க வேண்டும் அல்லவா? நடப்பவர் காலில் உறுத்துவது எதுவோ அது அகற்றப்பட வேண்டியது. அவர் கண்ணில் பட்டது அவ்வளவே. தொண்டு செய்கின்ற இடத்தில் தமக்கு என்ன கிடைக்கும் என்று பாராதவரின் கண் அது.

தண்டியடிகள் வரலாறு இன்னும் நெருக்கமானது. திருவாரூரில் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவராகத் தோன்றினார். கோயிலின் மேற்கே திருக்குளம் தூர்ந்து இடம் சுருங்கியது. அதைத் தோண்டிப் பெருக்கத் துணிந்தார். பார்வையில்லாதவர் எப்படித் தோண்டுவது? குளத்தின் நடுவே ஒரு தறி நட்டார். கரையிலே ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து, கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார். குளம் முழுவதையும் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. இன்று எவ்வளவு ஆழமாயிற்று, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அளந்து பார்க்க வழியில்லை. கையில் ஒரு கயிறு. தலையில் ஒரு கூடை. தொண்டு தொடங்குவதற்கு நிதியும் கருவியும் ஆள்பலமும் எல்லாம் கூடி வரட்டும் என்று காத்திருப்பவர்கள் அந்தக் கயிற்றை மறக்கலாகாது.

அந்த வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. அடிகளோடு வாதிட்டவர்கள், மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மடியும் என்று சொன்னார்கள். அக்காலத்துச் சமயப் பூசலை இங்கே கிளற நான் விரும்பவில்லை. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் இன்று நாம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். தண்டியடிகள் கூடையில் மண் சுமந்தார். நாமோ பெரிய இயந்திரங்களைக் குளத்தில் இறக்குகிறோம். ஒரே நாளில் குளத்தைத் துடைத்து வைத்தாற்போல் ஆக்கிவிட்டால் தவளைக்கும் மீனுக்கும் நத்தைக்கும் நாரைக்கும் போக்கிடம் ஏது? நீர் வற்றிய கோடையில் தூர்வார வேண்டும். முழுவதையும் ஒரே மூச்சில் வாராமல் ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும். நடுவே பறவைகள் தங்க மண்திட்டு அமைக்க வேண்டும். எடுத்த வண்டல் வயலுக்கு எருவாகப் போக வேண்டும். குளம் நமக்கு மட்டும் உரியதன்று.

பெருமக்களே, இனி நம் ஊருக்கே வருவோம்.

வெள்ளியங்கிரிச் சாரலில் தோன்றி, இந்தக் கோயிலைத் தொட்டு ஓடி, கொடுமுடிக்கு அருகே நொய்யல் என்னும் ஊரில் காவிரியோடு கலக்கின்ற காஞ்சிமாநதி, வற்றாத பேராறு அன்று. மலையில் மழை பெய்தால் பெருக்கெடுக்கும், நின்றால் மெலியும். அதை உணர்ந்த முன்னோர் ஆற்றின் குறுக்கே சிறுசிறு அணைகளைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, வந்த வெள்ளத்தைக் குளம் குளமாகத் தேக்கி வைத்தார்கள். சித்திரைச்சாவடி அணையிலிருந்து போகும் வாய்க்காலால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று வரிசையாகக் குளங்கள் நிறையும். பேரூர்ப் பெரியகுளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம், வெள்ளலூர்க் குளம் என்று ஆற்றின் இருபுறமும் கோத்த மணிகளைப் போலக் கிடப்பவற்றை நீங்கள் அறிவீர்கள். ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். நடுவே ஒரு வாய்க்கால் அடைந்தால் கீழே உள்ளது காயும். கோவை மாநகரம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. இக்குளங்கள் இல்லையேல் கிணறுகளில் நீர் இல்லை.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்தது. வழக்கமாகப் பெய்வதில் 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பேரூர்ப் பெரியகுளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. அப்போதுதான், 2017-ஆம் ஆண்டில், கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பு என்ற பெயரில் அன்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் குளத்தில் இறங்கி வேலை செய்யத் தொடங்கினார்கள். அதற்குமுன் 2013-ஆம் ஆண்டு வறட்சியில் உக்கடம் பெரியகுளத்தை ஊரே திரண்டு தூர்வாரியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆயினும் ஒருநாள் திரண்டு கலைவது வேறு, ஞாயிறுதோறும் வருவது வேறு. பேரூரில் தொடங்கியவர்கள் வெள்ளலூருக்குப் போனார்கள். அங்கே நெடுங்காலமாக அடைந்து கிடந்த நீர்வழியைத் துப்புரவு செய்தார்கள். குளத்துக்கு மீண்டும் நீர் வந்தது. பிறகு கரையிலே மரம் வளர்த்தார்கள். ஞாயிறுகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டிப் போயிற்று. மரம் வளர்ந்த இடத்துக்கு வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. இன்று அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவே இருக்கிறது. பூச்சிகளுக்கு யாரும் அழைப்பிதழ் அனுப்பவில்லை.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக் காலையில் குளக்கரைக்குச் சென்று பார்க்க வேண்டும். ஆலைத் தொழிலாளி ஒருவர், கல்லூரி மாணவியர் நால்வர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தையற்கடை வைத்திருப்பவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஆறு வயதுச் சிறுவன். யார் எந்தத் தெரு, எந்தக் குலம், எந்தச் சமயம் என்று கேட்பார் இல்லை. ‘அந்தக் கடப்பாரையை இப்படிக் கொடுங்கள், அண்ணா’ என்பதே அங்கே உறவு. ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் வேலை நிற்கும்; ஆளுக்கொரு குவளை மோரோடு கலைவார்கள். அடியார் திருக்கூட்டம் என்று நாம் புராணத்தில் படிப்பதன் சாயலை நான் அங்கே கண்டேன். நெற்றியில் நீறு இருந்தவரும் இல்லாதவரும் ஒரே சேற்றைப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் செய்யும் வேலைகளில் கடினமானது சீமைக் கருவேலத்தை அகற்றுவது. அந்நிய நாட்டிலிருந்து விறகுக்காகவும் வேலிக்காகவும் கொண்டுவந்த மரம் அது. இன்று குளத்தின் உள்வாயெல்லாம் அதுதான். மேலே வெட்டினால் போதும் என்று நினைப்பவன் ஏமாறுவான். வெட்டிய அடியிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு அகழ்ந்து எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் உடனே நம் மண்ணுக்கு உரிய மரத்தை வைக்க வேண்டும். வெறுமனே விட்டால் மண்ணில் கிடக்கும் பழைய விதை மீண்டும் முளைக்கும். ஆணவ மலத்தின் தன்மையை விளக்க இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. சித்தாந்த வகுப்பை ஒருநாள் குளத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

மரம் நடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இக்காலத்தில் மரம் நடுவது விழாவாகிவிட்டது. தலைவர் ஒருவர் வருவார், சிவப்பு நாடா கட்டிய மண்வெட்டியை யாரோ நீட்டுவார்கள், படம் எடுப்பார்கள். நட்டவர் பெயரைத் தாங்கிய பலகை கன்றைவிட உயரமாக நிற்கும். அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு தலைவர் வேறொரு கன்றை நடுவார். ஐயா, குழி மட்டும் ஆண்டுதோறும் பயன்படுகிறது! நட்ட கன்று எத்தனை என்று எண்ணுகிறார்களே ஒழிய, மூன்றாம் கோடையைத் தாண்டியது எத்தனை என்று எண்ணுகிறவர் சிலரே. அந்தச் சிலரைத்தான் நான் தொண்டர் என்பேன். கன்றைச் சுற்றியிருக்கும் நெகிழிப் பையைக் கிழித்து எடுத்துவிட்டு நடுவது, மழை தொடங்கும்போது நடுவது, ஆடு கடிக்காமல் முள் அடைப்பது, தை முதல் வைகாசி வரை தண்ணீர் சுமப்பது, களை பிடுங்குவது, சாய்ந்ததற்குக் கொம்பு ஊன்றுவது இவையெல்லாம் படம் எடுக்கத் தகுந்த வேலைகள் அல்ல. ஜப்பானியத் தாவர அறிஞர் மியாவாக்கி, அந்தந்த மண்ணுக்குரிய பல்வகை மரங்களை நெருக்கி நட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் பேணினால் சிறுகாடு தானே எழும் என்று காட்டினார். இன்று நம் நாட்டிலும் அம்முறை பரவியிருக்கிறது. அதிலும் முதலிரண்டு ஆண்டுகளின் தண்ணீர்தான் உயிர். எந்த முறையாயினும் குடம் சுமக்கும் தோள் ஒன்று வேண்டும்.

எந்த மரம் நடலாம் என்று கேட்பீர்களானால், நம் தலங்களே பட்டியல் தந்துவிட்டன. வில்வம், வன்னி, கொன்றை, புன்னை, மகிழம், கடம்பு, மருது, நாவல், இலுப்பை, வேம்பு, புங்கு. இவற்றில் நீர்க்கரைக்கு மருதும் நாவலும் புங்கும் மிகப் பொருந்தும். இலுப்பை முன்னாளில் கோயில் விளக்கெரிய எண்ணெய் கொடுத்த மரம். இலுப்பைத் தோப்புகள் போனபின் விளக்குக்கு எண்ணெயைக் கடையில் வாங்குகிறோம்.

இனி மதுரைக்குப் போய் வருவோம். வையையில் வெள்ளம் வந்து கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தத்தம் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணை பிறப்பித்தான். பிட்டு விற்கும் வந்தி என்னும் மூதாட்டிக்கு ஆள் இல்லை. சொக்கேசப் பெருமானே கூலியாளாக வந்தார்; உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கினார்; வேலை செய்யாமல் ஆடினார், பாடினார், உறங்கினார். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அவன் முதுகிலும், அரசியின் முதுகிலும், உலகத்து உயிர்கள் அனைத்தின் முதுகிலும் பட்டது. மணிவாசகரின் பெருமையை விளக்க எழுந்த திருவிளையாடல் இது. ஆனால் இதிலே ஊர்ப்பொதுப் பணியின் இலக்கணமும் அடங்கியிருக்கிறது. கரையில் ஒருவர் பங்கு அடைபடாமல் இருந்தால் உடைப்பு அந்த இடத்தில்தான் வரும். வெள்ளம் வந்தால் அவர் வீட்டுக்கு மட்டும் வராது. அடி எல்லோர் முதுகிலும்தான்.

வீட்டுக்கு ஓர் ஆள் என்ற அந்த முறைதான் நம் நாட்டில் குடிமராமத்து என்று வழங்கியது. அதைப் பற்றி இன்று பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆயினும் உண்மையையும் மறைக்கக் கூடாது. 1858-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வெள்ளையர் ஆட்சி கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்றை இயற்றியது. கட்டாயம் என்று வந்தபோது கூடை யார் தலைக்கு ஏறும்? நிலம் உடையவர் கரையில் நிற்க, நிலம் இல்லாதவர் சேற்றில் நின்றார்கள். பல ஊர்களில் குளத்தை வெட்டியவருக்கே அந்தக் குளத்தில் நீர் மொள்ள உரிமை இல்லாதிருந்தது. அதைத் தொண்டு என்று சொல்ல என் நா எழவில்லை. தாமே விரும்பி வருவதும், வந்தவர் எல்லோரும் ஒரே கூடையை மாறி மாறிச் சுமப்பதும் இருந்தால்தான் அது தொண்டு. பட்டீசப் பெருமான் சேற்றில் இறங்கி நின்று உழைப்பாளி உருக்கொண்டது இதற்காகத்தான் போலும். இன்றும் ஊர்க் குப்பையைத் துப்புரவுத் தொழிலாளர் தலையில் கட்டிவிட்டு, நாம் கரையில் நின்று தூய்மையைப் பற்றிப் பேசுகிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, கசப்பான செய்தி ஒன்று. சொல்லாமல் விட மனம் வரவில்லை. காஞ்சிமாநதிப் படித்துறையில் நீத்தார் கடன் செய்ய எங்கிருந்தெல்லாமோ அன்பர்கள் வருகிறார்கள். இத்தலத்தில் ஆற்றில் இட்ட எலும்பு கல்லாகும் என்பது நம் நம்பிக்கை. சாணத்தில் புழு உண்டாகாது என்பதும் தலத்தின் அற்புதங்களுள் ஒன்று. ஆடி அமாவாசையன்றும் ஆடிப்பெருக்கன்றும் மக்கள் வெள்ளம். மறுநாள் காலையில் அந்தப் படித்துறையில் நின்று பாருங்கள். களைந்து எறிந்த துணி, நெகிழிப் பை, நெகிழிக் குவளை, பூமாலையோடு சேர்ந்த நைலான் நார், கற்பூரம் வந்த உறை. புழுவும் தொடாத, மண்ணும் உண்ணாத ஒரு பொருளை நாமே கொண்டுவந்து இத்தலத்தில் சேர்த்துவிட்டோம். அது அற்புதம் அன்று. பெற்றோர் கடைத்தேற எள்ளும் நீரும் இறைக்கிறோம். அந்த நீரைக் கீழூரில் பெற்றோரும் பிள்ளைகளுமாக வாழ்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று எண்ணுவதில்லை. ஆலைக்கழிவும் ஊர்ச் சாக்கடையும் ஆற்றைக் கெடுப்பது உண்மைதான்; அதைத் தடுப்பது அரசின் கடமை; அதை வற்புறுத்துவது நம் கடமை. ஆனால் படித்துறைத் துணி ஆலையிலிருந்து வரவில்லை.

என்னிடம் வினாக் கேட்ட அந்த அன்பருக்கு அன்று நான் இவ்வளவு விரிவாக விடை சொல்லவில்லை. “ஒரு ஞாயிறு மட்டும் மகனோடு போய்ப் பாருங்கள், பூசையை முடித்துவிட்டே போகலாம், நேரம் இருக்கிறது” என்றேன். போனார். முழங்கால் வலியால் குனிய முடியவில்லை என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தார்களாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே புங்க விதைகளை நெகிழிப் பை இல்லாமல் தென்னந்தொட்டியில் ஊன்றிக் கொடுத்தார். இப்போது அவர் வீட்டு முற்றத்தில் நாற்றங்கால் இருக்கிறது. மகன் திங்கட்கிழமைப் பிரதோஷத்துக்குத் தந்தையோடு கோயிலுக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டேன். யார் யாரைத் தொண்டுக்கு அழைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் திருவிழா முடிந்து கொடியிறங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குப் படித்துறையில் கூடுவதென்று இங்குள்ள இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். துணிகளைச் சேர்க்கச் சாக்குப் பைகள் அவர்களிடம் இருக்கின்றன. கையுறைதான் குறைவு என்கிறார்கள். முடிந்தவர்கள் ஒரு மண்வெட்டி கொண்டு வாருங்கள். வில்வக் கன்றுகள் கரையில் வைக்க நாற்பது வந்திருக்கின்றன. கோடை முழுவதும் தண்ணீர் ஊற்ற ஒரு கன்றுக்கு ஒரு வீடு என்று பெயர் எழுதிக்கொள்கிறார்கள். அடியேன் முதல் பெயரை எழுதிவிட்டேன். மேடைக்குக் கீழே, பிரசாதம் வழங்கும் இடத்துக்கு அருகில் ஏடு இருக்கிறது.

திருச்சிற்றம்பலம்.